அரிசி, உப்பு, வடகம்



புதுச்சேரிச் சமையலைப் பற்றி யாராவது எழுதினால், நான் முதலில் பார்ப்பது அதில் வில்லியனூர், பாகூர் என்ற பெயர்கள் வருகின்றனவா என்றுதான். பெரும்பாலும் வருவதில்லை. கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர் வீடுகள், நீட்டு ரொட்டி, ஒயின் என்று நாலைந்து படங்களோடு கட்டுரை முடிந்துவிடும். ரொட்டியையும் ஒயினையும் நான் குறை சொல்லவில்லை. பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழி எனக்கு வேலை கொடுத்தது, சோறு போட்டது. ஆனால் அந்த நகரத்துக்கே சோறு போட்டவை நம்முடைய இரண்டு கொம்யூன்கள். அதைச் சொல்லாமல் புதுச்சேரிச் சாப்பாட்டின் கதையைச் சொன்னால், பந்தி பரிமாறியவனை விட்டுவிட்டு வாழையிலையை மட்டும் வர்ணித்தது போலத்தான்.

அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் புரட்டும் வேலை எனக்கு அடிக்கடி வரும். 'எத்தா சிவில்' என்ற பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேட்டை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவருடைய பெயர், வயது, தொழில், தகப்பன் பெயர், தாய் பெயர், சாட்சிகள் எல்லாம் அழகான சாய்வெழுத்தில் இருக்கும். நிலத்துக்கு இன்னொரு பதிவேடு, வரிக்கு இன்னொன்று. அந்த மனிதர் என்ன சாப்பிட்டார், எதைச் சாப்பிட ஆசைப்பட்டார், எது கிடைக்காமல் தவித்தார் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. அந்தக் கணக்கு அடுப்படியில்தான் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் நம் ஆயாக்களும் அம்மாக்களும். அவர்களிடமிருந்து மூன்றே பொருள்களை எடுத்துக்கொள்கிறேன்: அரிசி, உப்பு, வடகம்.

அரிசி

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறோம். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர்தான் பாகூர் ஏரியை நிரப்புகிறது. வில்லியனூர்ப் பக்கத்துக்குச் சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும். இந்தத் தண்ணீர் இருந்ததால்தான் பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே நெல்லும் இருந்தது, நெல்லை நம்பிப் படிப்பும் இருந்தது.

பாகூர்ச் செப்பேடு கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாயைக் கொடுத்த ஆவணம் அது. வில்லியனூருக்கு மேற்கே திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலில், முதலாம் ராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆண்டு 1048. 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு நிலம் விட்டு, யாருக்கு எவ்வளவு நெல் என்று அளந்து எழுதியிருக்கிறது. ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்கு அது சம்பளப் பட்டியல், விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு இரண்டும்தான். வேதமும் இலக்கணமும் நெல்லைத் தின்றுதான் வளர்ந்தன.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1674இல் கடலோரத்தில் ஒரு சிறு ஊரில் தொடங்கிய பிரான்சுவா மர்த்தேனின் நகரத்துக்கு, பின்னால் நெல் விளையும் மண் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. துய்ப்ளெக்ஸ் காலத்தில், 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான், வில்லியனூரும் பாகூரும் அவர்கள் கைக்கு வந்தன. வந்த வேகத்திலேயே சண்டையும் வந்தது. 1752இல் பாகூரிலேயே பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதின, பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள்.

அதைவிடப் பெரிய பாடம் 1760இல் கிடைத்தது. அந்த வருஷம் ஜூலையில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தார். நகரத்தின் மதில் அப்போது அப்படியே இருந்தது, பீரங்கிகளும் இருந்தன. ஆனால் நெல் வரும் வழி அடைபட்டுப் போனது. நவம்பர் இறுதியில் உள்ளே இருந்த தானியம் தீரத் தொடங்கியதும், பிரெஞ்சுத் தளபதி லாலி நகரத்திலிருந்த நம் மக்கள் சுமார் 1,400 பேரை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், மதிலுக்கு வெளியே தள்ளினார். எதிரே ஆங்கிலப் படை அவர்களைக் கடந்துபோக விடவில்லை. திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வாரம் அந்த ஜனங்கள் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். கடைசியில்தான் கூட் வழிவிட்டார். இதை எழுதி வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த நம் ஆனந்தரங்கப் பிள்ளை, இந்த முற்றுகையின் கடைசி நாட்களில்தான் கண்ணை மூடினார். 1761 ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது.

பள்ளியில் இந்தச் சரித்திரத்தை எங்களுக்கு லாலி, துய்ப்ளெக்ஸ், கூட் ஆகியோரின் சண்டையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வில்லியனூர் போனதும் நகரம் பட்டினியில் விழுந்தது என்ற ஒரு வரியை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் பிரெஞ்சு அரசாங்கம் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1783இல் வெர்சாய் உடன்படிக்கை எழுதியபோது, புதுச்சேரிக்கு ஆதாரமாக வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டு வட்டாரங்களையும் சேர்த்துத் தர வேண்டும் என்று ஊர் பெயரைச் சொல்லியே எழுத வைத்தார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரை முடித்துவைத்த சமாதானத்தின் ஒரு பகுதி அது. அதில் நம் ஏரிக்கரை ஊர்களின் பெயர் ஏறியது நெல்லுக்காகத்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நெல் விளைந்த ஊரில் எல்லோரும் அரிசிச் சோறு சாப்பிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 'நெல்லுச் சோறு' என்று பழைய ஆட்கள் தனியாகச் சொல்வதிலேயே அதன் அருமை தெரியும். விளைந்த நெல் வாரமாகவும் குத்தகையாகவும் வரியாகவும் களத்திலிருந்தே போய்விடும். நாற்று நட்ட பெண்களும் அறுத்த ஆண்களும் வீட்டுக்கு வந்து குடித்தது கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான் பல வீடுகளில் நெல்லுச் சோறு வெந்தது. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் இன்று நாம் ஆசையாகக் கூழ் வாங்கிக் குடிக்கிறோம். ஒரு காலத்தில் சேரியில் அது ஆடிக்கு மட்டும் உரிய பிரசாதமாக இருக்கவில்லை. பன்னிரண்டு மாதமும் அதுதான் சாப்பாடு. 1960களின் பிற்பகுதியில் ஐ.ஆர். 8 வந்த பிறகு, சோறு தடியாக இருக்கிறது, வாசனை இல்லை என்று வசதியான வீடுகளில் முணுமுணுத்தார்கள். கூழ் குடித்த வீடுகளில் யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. அங்கே தினமும் சோறு வேக ஆரம்பித்தது அப்போதுதான்.

உப்பு

பாகூர்க் கொம்யூனுக்குக் கடற்கரையும் உண்டு: நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம். கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, உப்பங்கழி இருக்கிறது. அப்படியிருந்தும், வடக்கே மரக்காணத்தில் இருப்பது போல நம் பிரெஞ்சு எல்லைக்குள் ஏன் பெரிய உப்பளங்கள் இல்லை என்று சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டேன். "வெள்ளக்காரன் வித்துட்டான்பா" என்றார். யாரிடம் எதை விற்றான் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் பிரெஞ்சுப் புத்தகங்களில் தேடிப் படித்தபோது ஆயா சொன்னது அப்படியே சரி என்று தெரிந்தது.

நெப்போலியன் வீழ்ச்சியை ஒட்டி ஊர்களைத் திருப்பித் தரும்போது, 1815 மார்ச்சில் லண்டனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை, உள்ளூர்த் தேவை போக, ஆங்கிலக் கம்பெனிக்கே விற்க வேண்டும். உப்பு, அபினி இரண்டிலும் கம்பெனியின் ஏகபோகத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதற்காகப் பிரான்சுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818இல் இன்னொரு ஒப்பந்தம்: உப்புக் காய்ச்சுவதையே நிறுத்திவிட வேண்டும். உப்பளக்காரர்களுக்கு நஷ்டஈடாக ஆண்டுக்கு 4,000 பகோடா. நம் ஜனங்களுக்குத் தேவையான உப்பைக் கம்பெனி அடக்க விலைக்குப் பிரெஞ்சு அரசாங்கத்திடம் கொடுக்கும். அரசாங்கம் அதைச் சுற்றுப்புறத்து ஆங்கில எல்லையில் விற்கும் விலையை ஒட்டி ஜனங்களுக்கு விற்கும். அடக்க விலைக்கும் விற்பனை விலைக்கும் நடுவே இருந்தது யாருக்குப் போயிற்று என்று கணக்குத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, கடலுக்கு எதிரே வீடு, வாசலில் மீன், கருவாடு போட உப்பு மட்டும் சர்க்காரிடம். 1930இல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பள்ளியதை எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தச் சட்டத்தின் நீண்ட நிழல் நூறு வருஷத்துக்கும் மேலாக நம் குழம்புச் சட்டியிலும் விழுந்திருந்தது என்பதை நம் பிள்ளைகள் எந்தப் பாடத்திலும் படிப்பதில்லை.

எல்லை என்பது உப்போடு நிற்கவில்லை. நம் கொம்யூன்களின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிழிந்த வேட்டியில் போட்ட ஒட்டுப் போல இருக்கும். ஒரு ஊர் பிரெஞ்சு எல்லை, அடுத்த ஊர் இங்கிலீஷ் எல்லை, அதற்கடுத்தது மறுபடி பிரெஞ்சு. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும்தான். 1941இல் இரண்டு அரசாங்கங்களும் சுங்கத்தை ஒன்றாக்கியதால் கொஞ்ச காலம் தொல்லை குறைந்தது. 1949இல் அந்த ஏற்பாடு முடிந்ததும் சுங்கக் கெடுபிடி திரும்ப வந்தது. பொங்கலுக்குத் தாய் வீட்டிலிருந்து வரும் சீர்ச் சாமானைச் சாவடியில் அவிழ்த்துக் காட்டிவிட்டு வந்ததை அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். வெல்லத்தையும் பச்சரிசியையும் கொட்டிப் பார்த்தார்களாம். அம்மாவுக்குக் கோபம், சோதனை போட்டதில் இல்லை. சாமிக்கு வைக்கும் பொருளைச் செருப்புக்காலோடு நின்று கிளறினார்களே என்பதில்தான்.

1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூருக்கு அருகே கீழூரில், 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர, 8 பேர் எதிராக. நவம்பர் 1 அன்று ஆட்சி கை மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. இந்தத் தேதிகள் எல்லாருக்கும் மனப்பாடம். சாவடி போன பிறகு வந்த முதல் பொங்கலுக்குத் தாய் வீட்டு வெல்லம் கட்டு அவிழாமல் வந்து சேர்ந்தது என்பதுதான் எங்கள் வீட்டில் விடுதலையின் அடையாளம்.

வடகம்

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கடந்த இருபது ஆண்டுகளாகப் பாரிசிலும் நியூயார்க்கிலும் பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் 'வடுவான்' என்ற ஒரு மசாலாவைக் கொண்டாடுகிறார்கள். சிறு புட்டியில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். பிரெஞ்சுப் பாணி இந்திய மசாலா என்று விளக்கமும் போடுகிறார்கள். வெண்ணெயில் வதக்கி ஆட்டுக்கறிக்கும் மீனுக்கும் பூசணிக்கும் சேர்க்கிறார்கள். வெங்காயத்தையும் பூண்டையும் அவனில் வைத்துச் சிவக்க உலர்த்தினால் வடுவான் ஆகிவிடும் என்று செய்முறை சொல்கிறார்கள்.

அது வேறொன்றும் இல்லை. நம் தாளிப்பு வடகம்தான். நாம் பேச்சில் 'வடவம்' என்போம். அதைப் பிரெஞ்சு நாக்கு வடுவான் ஆக்கியது. அடுப்பு மாறிவிட்டது, வெயில் போய்விட்டது, பெயர் திரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் சாமான்கள் மட்டும் மாறவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கையால்தான் அளப்பார். அந்தக் கையளவை என் மனைவி ஒருமுறை தராசில் போட்டுப் பார்த்து எழுதிக் கொடுத்த கணக்கு இது. சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 200 கிராம், தோல் உளுந்து உடைத்தது 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் தூள் இரண்டு தேக்கரண்டி, கல்லுப்பு ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை நாலு கொத்து, விளக்கெண்ணெய் ஒரு சிறு கரண்டி.

சித்திரை பிறந்து கத்திரி வெயில் தொடங்கும்போது போட வேண்டும். வெங்காயத்தையும் பூண்டையும் உரித்து உரலில் ஒன்றிரண்டாக நசுக்க வேண்டும், விழுதாகிவிடக் கூடாது. உளுந்தை ஊறவைத்து வடிகட்டிச் சேர்த்து, மற்ற சாமான்களையும் உப்பையும் போட்டுப் பிசைந்து, மண் சட்டியில் மூடி ஒரு இரவு விட வேண்டும். காலையில் பார்த்தால் வெங்காயம் தண்ணீர் விட்டு, லேசாகப் புளித்த வாசனை வரும். அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. சக்கையைப் பிழிந்து பாயில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் அதே தண்ணீரில் திரும்பப் போட வேண்டும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் முழுவதையும் வடகமே குடித்துவிடும். பிறகு உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, எட்டுப் பத்து நாள் சுக்காகக் காயவிட வேண்டும். விளக்கெண்ணெய் எதற்கு என்றால், பூச்சி அண்டாது, உருண்டை உதிராது. ஜாடியில் போட்டு வைத்தால் ஒரு வருஷம் கெடாது. நாள் ஆக ஆக வாசனை கூடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெங்காயம் அழுகிப் போகும், விலையும் ஏறிவிடும். அப்போது ஒரு உருண்டையில் பாதியைக் கிள்ளிக் காய்ந்த எண்ணெயில் போட்டால் தெருவே மணக்கும். கீரைக் கடைசலுக்கு அது, கருவாட்டுக் குழம்புக்கு அது, ஒன்றும் இல்லாத நாளில் புளியும் மிளகாயும் வைத்து அரைத்தால் துவையலும் அதுதான். கோடை வெயிலைப் பிடித்து மழைக்காலத்துக்குச் சேமித்து வைக்கும் உபாயம் என்று சொல்லலாம். இல்லாதப்பட்ட வீட்டின் அறிவு இது. எந்தப் பிரெஞ்சுத் துரையின் பங்களாவிலும் பிறந்தது அல்ல.

கெடாத பொருள் என்பதால் அது கப்பலேறியது. நம் பக்கத்து ஆட்கள் பல வழிகளில் கடல் தாண்டினார்கள். ஏழைகள் கூலிகளாகப் போனார்கள். ரெயூனியனுக்கு முன்பே போய்க்கொண்டிருந்தார்கள், 1853 முதல் மர்த்தினீக்குக்கும் அடுத்த வருஷம் முதல் குவாதலூப்புக்கும். அந்த இரண்டு தீவுகளுக்கு மட்டும் முப்பது சொச்சம் ஆண்டுகளில் முறையே ஏறக்குறைய 25,000 பேரும் 42,000 பேரும் போனார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கப்பலேறிய முக்கியத் துறைகள். தாது வருஷப் பஞ்சம் வந்த 1876, 1877 காலத்தில் கூழுக்கும் வழியில்லாமல் ஊரை விட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ் பேசுவதில்லை. ஆனால் குவாதலூப்பில் கறிக்கு 'கொலம்போ' என்ற பொடி போடுகிறார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், அதோடு வறுத்த அரிசி. இலங்கைத் தலைநகரின் பெயர் அது என்பார் சிலர், 'குழம்பு' என்ற சொல்தான் அது என்பார் பலர். நம் பக்கத்திலும் குழம்புத்தூள் அரைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை வறுத்துப் போடுகிறவர்கள் உண்டல்லவா? ரெயூனியனில் முருங்கைக்கீரையை 'முருங்' என்கிறார்கள். அங்கே 'ருகாய்' என்று ஒரு பதார்த்தம். 'ஊறுகாய்' என்பதிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். மொழி செத்த பிறகும் நாக்கில் ருசி உயிரோடு இருந்திருக்கிறது.

கொஞ்சம் படித்தவர்களும் சிப்பாய்களும் வேறு வழியில் போனார்கள். 1881 ஆணைக்குப் பிறகு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிக்கொண்ட 'ரெனோன்சான்' குடும்பங்களிலிருந்து சைகோனுக்குக் குமாஸ்தாவாக, வரி வசூலிப்பவராக, போலீசாகப் போனவர்கள் பலர். 'சொல்தா'வாகப் போனவர்கள் நம் கிராமங்களிலும் இருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது 'நெம்' சுற்றும் பழக்கத்தையும் மீன் சாற்றுப் புட்டியையும் கொண்டுவந்தார்கள். போகும்போது கொண்டுபோனது வடகம்.

எனக்குப் பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். தெருவில் பிரெஞ்சு எழுதத் தெரிந்த பையன் நான்தான். சொல்தா வீடுகளுக்குப் பென்ஷன் காகிதம் வந்தால் படித்துச் சொல்வதும், பார்சலுக்கு முகவரி எழுதுவதும் என் வேலை. எதிர் வீட்டு அத்தை பிரான்சில் இருந்த தன் தம்பிக்கு வடக உருண்டைகளைத் துணியில் முடிந்து, டப்பாவில் போட்டுத் தைத்துக்கொண்டு வந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தபால் காகிதத்தில் பிரெஞ்சில் எழுத வேண்டும்.

"வடவம்னு எழுதுடா தம்பி, அவனுக்குத் தெரியும்" என்றார் அத்தை.

"தபால்காரனுக்குத் தெரியணுமே அத்தை" என்றேன்.

வீட்டில் இருந்த லாரூஸ் அகராதியில் அந்தச் சொல் இல்லை. பள்ளியில் 'ஷாத்தேஞ்' என்ற, நாங்கள் கண்ணால் பார்க்காத ஒரு கொட்டையைப் பற்றி எழுத்துப் பிழையில்லாமல் டிக்தே எழுதியிருக்கிறேன். தினமும் சாப்பிடும் வடகத்துக்குச் சொல் கிடைக்கவில்லை. 'எப்பீஸ் செஷே', அதாவது உலர்ந்த மசாலா, என்று எழுதிக் கொடுத்தேன். அத்தை அதை வாங்கி, எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும், என்னவோ குறைகிறது என்பது போலப் பார்த்தார். "நம்ம ஊர் பேரையாவது போடேன்" என்றார். அனுப்புநர் முகவரியில் 'வில்லெனூர்' என்று பிரெஞ்சு முறையில் எழுதினேன். அதில் திருப்தியானார்.

அந்த அத்தை கேட்டதைத்தான் இன்று நானும் கேட்கிறேன். 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போன நம் குடும்பங்கள், பாரிசைச் சுற்றி சார்செல் போன்ற ஊர்களில் குடியேறியபோது, பெட்டியில் வடகம் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முகர்ந்தார்கள், கேட்டார்கள், கற்றுக்கொண்டார்கள். அதில் ஒரு தவறும் இல்லை. நல்ல சாப்பாடு நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் புட்டியில் ஒட்டும் சீட்டில் அது துரைமார் வீட்டுக் கண்டுபிடிப்பு போல ஆகிவிட்டால், உரலில் நசுக்கியவளும் பாயில் காயவைத்துக் காக்கை ஓட்டியவளும் சரித்திரத்திலிருந்து போய்விடுகிறார்கள். எத்தா சிவில் பதிவேட்டில் அவள் தொழில் என்று ஒன்றும் எழுதப்படவில்லை. இதிலும் இல்லையென்றால் வேறெங்கே இருப்பாள்?

நம் பக்கத்திலும் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. வீடுகள் மாடியாகிவிட்டன; மாடியில் வெயில் உண்டு, உருண்டை பிடிக்க ஆள் இல்லை. கடையில் வடகம் கிடைக்கிறது. வெங்காயத்தைவிட உளுந்துதான் அதில் அதிகம் என்று என் மனைவி முதல் தாளிப்பிலேயே சொல்லிவிடுவாள். என் பேத்திக்கு வடுவான் தெரிகிறது, கைபேசியில் பார்த்திருக்கிறாள். வடகம் என்றால் எண்ணெயில் பொரிக்கும் கூழ் வடகம் என்று நினைக்கிறாள்.

எனவே, இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உங்கள் வீட்டில் வடகம் போட்டது யார், எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், அவர் கை அளவு என்ன, சோம்பு சேர்ப்பாரா மாட்டாரா, எந்தக் குழம்புக்கு எவ்வளவு கிள்ளிப் போடுவார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அரங்கனூர் வடகமும் மங்கலம் வடகமும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்தையும் எழுதுங்கள். ஊர் பெயரை மறக்காமல் போடுங்கள். அரிசிக்காக நம் ஊர் பெயர் வெர்சாய் உடன்படிக்கையில் ஏறியது. வடகத்துக்காக நம் வீட்டு நோட்டிலாவது ஏறட்டும்.

  வாங்குகிறவர்கள் காய்ந்த, சிறிய வெங்காயமாகப் பார்த்து வாங்குங்கள். ஈர வெங்காயம் வடகத்துக்கு ஆகாது.